முகத்தை மறைத்த புத்தகம்

அம்மா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தவள். மெஷின் இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது. அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, தினமும் பஸ் ஏறிப் போய் ஒரு நாவலைச் சத்தமாக வாசித்தேன். எனக்குப் புத்தகத்தை மூக்குக்கு நேரே பிடித்தால்தான் எழுத்து தெரியும். பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட, "பொறவு என்னாச்சு?" என்பார்கள். அம்மா மட்டும் ஒன்றும் கேட்கமாட்டாள்.

ஒருநாள், "ஏட்டி, புத்தகத்தச் செத்த கீழ எறக்கு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கதை பிடிக்கவில்லையாக்கும் என்று மூடிப் பைக்குள் வைத்தேன். அதன்பின் வாசிக்கவேயில்லை. அந்த வாரமே அவள் போய்விட்டாள்.

துக்கத்துக்கு வந்த, அவளோடு மில்லில் வேலை பார்த்த ஒரு அக்கா சொன்னார்: "மில்லுக்குள்ள யாருக்கு என்ன கேக்கும்? வாயசைவப் பாத்துத்தான் பேசிக்கிடுவோம். உங்கம்மா வீட்டுலயும் அப்படித்தான. காது எங்க கேட்டுச்சு அவளுக்கு?"

எதிரெதிரே நின்று பேசியே பழகியதால் காது மந்தம் என்று மட்டுமே நினைத்திருந்தேன்; சுத்தமாகக் கேட்காது என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று. புத்தகம் புத்தகமாய்ப் படித்து என்ன பிரயோசனம்?

அந்த நாவலின் அட்டையில் ஒரு தென்னந்தோப்பு இருக்கும். நான் வாசித்த நாளெல்லாம் அம்மா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.