பாலம்மா வீட்டுக்கு வந்த மாதா

மதலேனா அக்காவின் பக்கத்தில் இடம் கிடைத்தால் போதும், கலஹா பஸ் பேராதனைக்குப் போய்ச் சேர்வதற்குள் நம் வீட்டு நோய்நொடி, வழக்கு, வேலை கிடைக்காத பிள்ளை எல்லாம் அவர் கணக்கில் சேர்ந்துவிடும். "பேரச் சொல்லுங்க, நான் மாதாக்கிட்ட சொல்றேன்" என்பார். இரண்டு கிழமை கழித்துக் கண்டி மார்க்கெட்டில் நம்மைப் பிடித்து நிறுத்தி, "தங்கச்சிக்கு முழங்கால் வலி இப்ப எப்படி?" என்று கேட்பார். நமக்கே மறந்திருக்கும். அக்கா தையல் வேலை செய்யும் துணிக்கடை முதலாளி முனாப், "நம்ம வியாபாரத்துக்கும் சேத்து கேளுங்க" என்று கேலி செய்வார். அக்கா கேலியென்று எடுத்துக்கொள்ளாமல் உண்மையாகவே வேண்டிக்கொள்வார்.

ஊருக்கெல்லாம் மாதாவைக் கொண்டுபோன அந்த மனுஷிக்குத் தன் வீட்டுக்கு மட்டும் கொண்டுபோக முடியவில்லை.

அவர் கணவர் லோரன்ஸ் அண்ணன் ஒரு காலத்தில் எங்கள் கோயிலின் குரல். ஜெபமாலையில் ஒருவர் முன்பாதி சொல்ல, மற்றவர்கள் பின்பாதியை மறுமொழியாகச் சொல்ல வேண்டும். அண்ணன் இருந்தால் மறுமொழிக்கு வேறு ஆள் தேவையில்லை. பிறகு ஒரு மழை நாளில் மோட்டார் சைக்கிள் சறுக்கி மகன் எஸ்ரன் விழுந்தான். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் இருவரும் ஜெபமாலையைக் கையை விட்டு இறக்கவில்லை. ஆனாலும் பிள்ளை தங்கவில்லை. அடக்கம் முடிந்து வந்ததும் அண்ணன் சொன்னார்: "இத்தன கெஞ்சியும் கேக்காத மாதா இனிமே என் வாசல மிதிக்கக் கூடாது."

அக்கா சண்டை போடவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அவர் ஜெபம் சொல்லும்போது உதடு மட்டும் அசையும். ஒவ்வொரு ஒக்டோபரிலும் மாதாவின் சிலை, எங்கள் பேச்சில் சுரூபம், வீடு வீடாகப் போய் ஒரு நாள் தங்கும். முன்னால் ஏந்திப் போவது மதலேனா அக்காதான். சொந்த வாசலைத் தாண்டும்போது மட்டும் தலையைக் குனிந்துகொள்வார்.

"ஒரு நாளு, ஒரே ஒரு நாளு மாதா முன்னால அவர் பக்கத்துல முழங்கால்ல நிக்கணும். அதுக்கப்புறம் கண்ண மூடினாலும் பரவாயில்ல" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவர்கள் இருக்கும் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், வேதக்கார வீடு அது ஒன்றுதான். பக்கத்து வீட்டுப் பாலம்மா மாரியம்மனுக்குக் கரகம் எடுக்கிறவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். பழைய லயமல்லவா, அது கூரையைத் தொடாது. பாலம்மா மிளகாய் வறுத்தால் லோரன்ஸ் அண்ணன் தும்முவார். போன ஒக்டோபரில் பாலம்மாவே கேட்டார்: "அக்கா, ஒங்க வீட்டுக்கு வராட்டி நம்ம வீட்டுக்கு வரட்டுமே. அவங்களும் தாய்தானே."

பாலம்மா வீட்டு முறை வந்த அன்று மழை கறுத்திருந்ததால் அக்கா மத்தியானமே நாங்கள் இருக்கும் மேல் டிவிசனுக்கு வந்து, பொலித்தீன் சுற்றிச் சுரூபத்தை வாங்கிப் போனார். அவர் போன பிறகு மண்மேடு சரிந்து பாதை அடைபட்டது. மாலையில் ஜெபத்துக்குப் போகவிருந்த நாங்கள் எல்லோரும் மேலேயே நின்றுவிட்டோம். பெரிய அற்புதம் எதிர்பார்க்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். லோரன்ஸ் அண்ணன் இன்றுவரை கோயிலுக்கு வரவில்லை. அன்று நடந்ததை அக்கா சொன்னபடியே சொல்கிறேன்.

பாலம்மா கோலம் போட்டு, வாசலில் ஆரத்தி சுற்றி, மாதாவைக் கதிரையில் உட்காரவைத்தார். ஆரத்தியைத் தடுப்பதா என்று அக்கா ஒரு கணம் யோசித்தாராம். பிறகு, வரவேற்கிறவர் வரவேற்கட்டும் என்று விட்டுவிட்டார். கரண்ட் போயிருந்தது. மெழுகுதிரி ஏற்றி இருவரும் உட்கார்ந்தார்கள்.

"நான் என்னக்கா சொல்லணும்?" என்றார் பாலம்மா.

"நீ கும்பிட்டுக்கிட்டு இரு. ரெண்டு பாதியையும் நானே சொல்லிக்கிறேன்."

ஆனால் பழக்கம் விடுமா? எத்தனையோ வருடமாக முன்பாதி சொல்லி நிறுத்தி, மறுமொழிக்குக் காத்திருந்த நாக்கு. அருள் நிறைந்த மரியாயே என்று தொடங்கினார். பாதியில் தன்னால் நின்றுவிட்டார். தகரத்தில் மழை மட்டும் சத்தம் போட்டது. பாலம்மா தெரியாமல் விழித்தார். அடுத்த பாதியையும் நாம்தானே சொல்ல வேண்டும் என்று அக்கா வாயைத் திறந்தார்.

சுவருக்கு மேலாக ஒரு குரல் வந்தது. "புனித மரியாயே..."

பழைய குரல் இல்லை. சொற்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி வந்தன. ஜெபத்தில் மரண நேரம் என்று வருகிற இடத்தில் அப்படியே நின்றுபோனது. அக்கா ஜெபமாலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். எழுந்து அந்தப் பக்கம் ஓடலாமா என்று கால் துடித்ததாம். போகவில்லை. போனால் அது நின்றுவிடும் என்று பயம்.

கொஞ்ச நேரம் கழித்து மீதியும் வந்தது. ஆமெனும் வந்தது.

அக்காவுக்கு அழுகையில் ஜெபமாலையின் அடுத்த மணிக்கு நாக்கு எழவில்லை. பாலம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் செருமினார். "ஏன் நிப்பாட்டிட்ட? அடுத்ததச் சொல்லு."