குடிபாலாவுக்கு மேலே இரண்டு காற்று

ஆடி மாதம் விடுமுறை முடிந்து குவைத்துக்குக் கிளம்பினேன். குடிபாலாவில் எங்கள் மாந்தோப்பை மேற்குக் காற்று பிய்த்துக்கொண்டிருந்தது.

"மேக்கால போற பிளேனு. எதிர்காத்துல லேட்டாத்தான் போய்ச் சேரும்," என்றார் அப்பா. ஆயுள் முழுக்க அந்தக் காற்றை எதிர்த்து சைக்கிள் மிதித்தவர். நம்பிவிட்டேன். அங்கே என்னை அழைக்க வரும் தோழியிடம் ஒரு மணி நேரம் கழித்தே வரச் சொன்னேன்.

விமானம் உயரே போனதும், காற்று எங்களைப் பின்னாலிருந்து தள்ளுவதாக எதிரிலிருந்த திரை காட்டியது. திரைதான் கெட்டுவிட்டது என்று முனகினேன். பணிப்பெண் சிரித்தாள். இந்த மாதங்களில் இத்தனை உயரத்தில் கிழக்கிலிருந்துதான் காற்று வீசுமாம். அரை மணி நேரம் முன்னதாகவே இறங்கிவிட்டோம்.

தோழி இன்னும் வரவில்லை. அப்பாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "உம் பேச்சக் கேட்டு வெயில்ல காஞ்சிக்கினு கீறேன் நைனா!"

அவர் தோப்பை விட்டு வெளியே நடப்பது காற்றின் இரைச்சலில் தெரிந்தது.

"கீழ கருமேகம் கெழக்கால ஓடுது," என்றார் கடைசியில். "அதுக்கும் மேல பஞ்சாட்டம் ஒண்ணு மேக்கால போய்க்கினு கீதும்மா. அறுபது வருசமா இந்த வானத்துக்குக் கீழதான் கீறேன், ஒரு நாளும் பாக்கலியே. நீ அந்தக் காத்துலயா போன?"