பிரேக்குக்கு அடியில் ஒரு செருப்பு

செம்மேட்டிலிருந்து மலையிறங்கிக்கொண்டிருந்தோம். புது கார். சாலையின் வெள்ளைக் கோட்டைப் பார்த்துத் தானே ஸ்டீயரிங்கைத் திருப்பும், தானே வேகத்தைக் குறைக்கும். அந்தப் பெருமையில் செருப்பைக் கழற்றிவிட்டு, சாப்பாட்டுக்கு உட்காருவதுபோல் வலது காலை சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொண்டேன்.

“காலைக் கீழ போடுங்க,” என்றாள் மனைவி.

“வண்டி பாத்துக்கும்,” என்றேன்.

அடுத்த கொண்டை ஊசி வளைவில் கோடு அழிந்திருந்தது. கார் பீப் பீப்பென்று கத்திவிட்டு ஸ்டீயரிங்கையும் பிரேக்கையும் என்னிடமே விட்டுவிட்டது. எதிரே ஒரு பஸ் ஏறி வந்தது. மரத்துப்போன காலை இழுத்து பிரேக்கை மிதித்தேன். அது இறங்கவில்லை. கழற்றிப்போட்ட செருப்பு அடியில் சிக்கியிருந்தது! கைப்பிரேக்கை இழுத்தேன்.

பஸ்ஸுக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், பின்னால் லாரி. பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது.

பஸ் டிரைவர் இறங்கி வந்தார். “ஏனுங்க, என்னாச்சு?”

“கார் அதுவா ஓட்டிட்டு வந்துச்சுங்க...”

குனிந்து என் வெறுங்காலைப் பார்த்தார். “செரி சாமி. பின்னாடி நீங்கதான் எடுக்கோணும்.”

லாரியை அவரே பின்வாங்கச் சொன்னார். தூறலில் நனைந்தபடி கை காட்டிக்கொண்டே நின்றார். செருப்பை மாட்டிக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தேன்.

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் என்றோ மறந்திருப்பேன்.