வல்லிபுரத்தின் முதுகு

வல்லிபுரம் யாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரமாட்டார். தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்தால் வாங்குப் பலகையைச் சரித்துப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். தோணியில் ஒருவரோடு பேசிக்கொண்டே பின்னால் இருப்பவரையும் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார். வருடக்கணக்காகக் கண்டு பழகியவர்கள் அதைக் கூத்தாடியின் குணம் என்று விட்டுவிடுவார்கள். பிடரியிலும் ரெண்டு கண் வைத்துப் பிறந்திருக்க வேண்டிய ஆள் என்று நெசவுக்கார மர்சூக் பகிடி பண்ணுவார்.

தன்னாமுனைக்கு வடக்கே, தோணித்துறையை ஒட்டி ஒரு சந்தை வெளி. அதற்கு ஒரு பக்கம் தமிழரின் தெரு, வாவிப் பக்கம் முஸ்லிம்களின் நெசவுத் தெரு. அறுவடை முடிந்தால் அந்த வெளியில் கூத்துக்கு வட்டக்களரி போடுவார்கள். வட்டக்களரிக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று கிடையாது. சுற்றிவரச் சனம் இருக்கும்; கூத்தர் ஒவ்வொரு பாட்டையும் நாலு பக்கமும் திரும்பித் திரும்பி ஆடவேணும். அரங்கேறிய பிறகு, உதவி செய்த வீடுகளின் முற்றங்களுக்குப் போய் ஆடிக் காட்டுவதும் வழக்கம்.

முப்பத்தேழாம் வருடம் களரிக்கு மேலே கட்டிய வெள்ளைத் துணி மர்சூக்கின் மனைவி றபீக்கா நெய்தது. பிள்ளை பெற்று வீட்டோடு இருந்ததால் அவளுக்குக் கூத்துப் பார்க்க வழியில்லை. ராசா வேஷம் கட்டவிருந்த வல்லிபுரம் வாசலில் நின்று வாக்குக் கொடுத்தார்.

"தங்கச்சி, ராசா உடுப்போட உங்கட முற்றத்தில வந்து ஆடுவன்."

அந்த முறை, ஊர் அதிகாரியான அழகரத்தினம் விதானையார் ஒரு வெள்ளைக்காரத் துரையை அழைத்திருந்தார். டிறாமாக் கொட்டகை மாதிரி ஒரு பக்கம் மட்டும் பார்க்கிறதாக இருக்கவேணும் என்று தமிழர் தெருப் பக்கம் கதிரைகளை அடுக்குவித்தார். வாவிப் பக்கம் ஆளுயரத்துக்குத் தென்னோலைக் கிடுகு மறைப்பு எழும்பியது. கூத்துப் பழக்கிய அண்ணாவியார் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார், அவ்வளவுதான். பொழுது சாயப் பாயோடு வந்த நெசவுத் தெருச் சனம் கிடுகைக் கண்டு திகைத்து நின்றது. சிலர் விரித்த பாயைச் சுருட்டத் தொடங்கினார்கள்.

ராசா உடுப்போடு நின்ற வல்லிபுரம் அதைப் பார்த்தார். தான் தோணி விடும் துறையின் குத்தகை விதானையாரின் வாய்ச்சொல்லில் தொங்குகிறது என்பது அவருக்குத் தெரியும். இன்றைக்குச் சுருட்டிய பாய் இனி ஒருநாளும் இந்த வெளியில் விரியாது என்பதும் தெரியும்.

மத்தளம் முழங்கியது. களரிக்குள் போய் வணங்கினார். பிறகு கதிரைகளுக்கு முதுகைத் திருப்பி, கிடுகைப் பார்த்தபடி, ராசா களரிக்கு வரும்போது பாடும் வரவுப் பாட்டைப் பாடினார். இரண்டாம் பாட்டும் கிடுகுக்குத்தான்.

விதானையார் களரியோரம் வந்து பல்லைக் கடித்தார். "துரைக்கு முதுகைக் காட்டுறாய், வல்லிபுரம்."

"முன்னால இருக்கிற சனத்துக்குப் பாடுறன் ஐயா."

"முன்னால கிடுகுதானே இருக்கு."

"அதைத்தான் நானும் சொல்றன். அதை எடுங்க, நாலு பக்கமும் திரும்பி ஆடுறன். எடுக்காட்டி விடியுமட்டும் இப்படித்தான்."

மறைப்புக்கு அப்பால் மர்சூக்கின் குரல் கேட்டது. "மச்சான், ஓட்டையால மீசை மட்டும்தான் தெரியுது. ராசாவோ நண்டோ தெரியல்ல."

சிரிப்பு அந்தப் பக்கம் கிளம்பி இந்தப் பக்கத்துக்கும் பரவியது. தமிழர் தெருப் பெண்கள் சிலர் பாயைத் தூக்கிக்கொண்டு கிடுகைச் சுற்றிப் போய் மறுபக்கம் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆண்களும் எழும்பினார்கள். சற்று நேரத்தில் இரண்டு பக்கத்துக் கைகளும் சேர்ந்து கிடுகைப் பிடுங்கிப் போட்டன. வல்லிபுரம் மெல்ல, வட்டமாகத் திரும்பினார். துரை தன் கதிரையைத் தானே தூக்கிச் சனத்துக்கு நடுவில் போட்டுக்கொண்டார். அவருக்கு என்ன விளங்கியதோ.

அதன்பிறகு அந்த வெளியில் எவரும் மறைப்புக் கட்டவில்லை. ஆனால் மறுநாளே, வீடுவீடாகப் போய் ஆடினால் வழக்கு என்று விதானையார் தடை போட்டார். அடுத்த குத்தகையில் துறையும் கைமாறியது. வல்லிபுரம் வாகரைக்கு மீன்பிடிக்கப் போனார். ஞாயத்துக்காகச் செய்தேனா, வெறும் ரோசமா என்று வலை இழுக்கும்போது தன்னையே கேட்டுக்கொள்வார். ஆனால் அதே கிடுகு மறுபடி எதிரே நின்றால் எந்தப் பக்கம் திரும்புவார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சில வருடங்களில் காய்ச்சல் வந்து அங்கேயே கண்ணை மூடினார்.

விதானையார் மாறித் தடையும் போனபின், கூத்தர்கள் மர்சூக்கின் வாசலுக்கு வந்து, வல்லிபுரம் றபீக்காவுக்கு ஆடாமல் விட்ட ஆட்டத்தைத் தாங்கள் ஆடித் தீர்ப்பதாகச் சொன்னார்கள்.

றபீக்கா கதவோரம் நின்று சொன்னாள். "நீங்க ஆடுறதெண்டா உங்கட பேரில ஆடுங்க. அவர்ட கடனை வேற ஆரிட்டயும் நான் வாங்கமாட்டன்."

கூத்தர்கள் ஆடினார்கள். மந்திரி வந்தார், சேனாபதி வந்தார். அந்த முற்றத்தில் ராசா வரவு மட்டும் இன்றுவரை ஆடப்படவில்லை.