பதிகத்தின் நடுவே எழுந்த காலை

திருவையாற்றை அடுத்த எங்கள் ஊரில் அறுவடைத் தூசி பறந்தால் என் மனைவிக்கு மூச்சிரைக்கும். மஞ்சள், நெல்லிக்கனியின் ஆன்டி ஆக்ஸிடன்ட் ஒவ்வாமையைத் தணிக்கும் என்று படித்த நான், கஷாயமே போதும் என்று அவளுடைய இன்ஹேலரைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஒரு நாள் காலைப் பூசையில், பதிகத்தின் நான்காம் பாடலைப் பாடும்போது சுவரைப் பிடித்தபடி வந்தாள். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. பதினொரு பாடலும் முடியாமல் எழுந்தறியாத நான் கையமர்த்திவிட்டுத் தொடர்ந்தேன்.

"சாவி குடுங்க... சாமி கோச்சுக்காது" என்று திணறினாள்.

அலறியடித்து எழுந்து பீரோவைத் திறந்தேன். மருந்தை உறிஞ்சியும் இரைப்பு அடங்கவில்லை. "இறைவா, இவளை என்னிடமே விட்டுவிடு" என்பதன்றி ஒரு வரியும் நாவில் எழவில்லை. மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்த பிறகே பேசினாள்: "மீதி ஏழு பாட்டையும் இங்கயே பாடுங்க."

இப்போது கஷாயம் வெறும் உணவு. இன்ஹேலர் பூசைத் தட்டருகே இருக்கிறது. அவள் இருமினால் எந்தப் பாடலிலும் எழுந்துவிடுகிறேன்.