வடிவேலின் கோழிக் கணக்கு

ஓவேலிப் பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து லாரி ஓட்டுகிற வடிவேலிடம் எதையாவது விளக்கிவிட்டால் தொலைந்தோம். பாதியைப் பிடித்துக்கொண்டு மீதியை அவனே ஓட்டிவிடுவான். அவன் மனைவி ரஞ்சனி பள்ளியில் உயிரியல் ஆசிரியை. வீட்டுக்குப் பின்னால் அவன் வளர்ப்பது கோழி. இந்த இரண்டும் சேர்ந்துதான் அவனைக் கவிழ்த்தன.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ரஞ்சனி உண்டானாள். நான்காம் மாத ஸ்கேனில் குழந்தையின் கழுத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தது. கோயம்புத்தூரில் பரிசோதித்தார்கள். பாலினக் குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு எக்ஸ். பெண்தான் என்று ரஞ்சனிக்குச் சொல்லாமலே புரிந்தது. இப்படிப் பிறந்து நன்றாக வாழ்கிறவர்கள் உண்டு, ஆனால் இந்தக் குழந்தையின் இதயம் தாங்குவது கடினம் என்றார் டாக்டர்.

"ஒண்ணு கொறஞ்சா என்ன? சமாளிக்க முடியாதா?" என்று வீட்டுக்கு வந்ததும் வடிவேல் கேட்டானாம்.

பேச்சை மாற்றத்தான் கோழியைக் காட்டினேன் என்று ரஞ்சனி பிறகு என்னிடம் சொன்னாள். அவனிடம் அவள் சொன்னது இது: "சேவலுக்கு இசட்டுனு ரெண்டு குரோமோசோம் இருக்குங்க. பெட்டைக்கு ஒண்ணுதான். புரதம் செய்யச் சொல்லி அதுலேர்ந்து வர்ற உத்தரவும் கொறச்சல். ஆனா புரதம் செய்யிற எடத்துல, இருக்கிற உத்தரவையே கூடுதலா படிச்சு, புரதத்த ஏறக்குறைய சேவல் அளவுக்குக் கொண்டாந்துடும். முழுசா இல்லேன்னாலும்."

"அப்ப நம்ம பாப்பாவும் கொண்டாந்துடும்."

"அது கோழிங்க. நமக்கு வழி வேற. பொம்பளைக்கு இருக்கிற ரெண்டு எக்ஸுல ஒண்ண ஒடம்பு அடக்கி வைக்கும். அடக்குனதுலயும் சில மரபணு வேலை செஞ்சாகணும். பாப்பாவுக்கு அந்த ரெண்டாவதே இல்ல."

அதை அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஃபேக்டரியில், டீக்கடையில், என் வாசலில், எங்கும் இதே பேச்சு. "பெட்டக்கோழிய பாருங்க, ஒத்தைய வச்சே சமாளிக்குது." கூட்டின் முன் குந்தி உட்கார்ந்து பெட்டைகளையே பார்த்துக்கொண்டிருப்பான். ரஞ்சனி திருத்த வாயெடுப்பாள், அவன் முகத்தைப் பார்த்து விட்டுவிடுவாள்.

ஐந்தாம் மாத முடிவில் குழந்தையின் இதயம் நின்றது. ஆஸ்பத்திரியில் வலி வரவைத்து எடுத்தார்கள். ஒரு கையில் அடங்குகிற பெண். வடிவேல் துணியை விலக்கி விரல்களை எண்ணிப் பார்த்தான். எல்லாம் இருந்தன.

வீட்டில் சொந்தக்காரர்கள் கூடினார்கள். அழ வந்தவர்கள் அழுதுவிட்டுப் போக வேண்டியதுதானே? அவன் பெரியம்மா ஆரம்பித்தாள்: "கொறயுள்ள புள்ள, போனதும் நல்லதுதான்." ரஞ்சனி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வடிவேல் எழுந்து நின்றான்.

"கோழியாட்டம் அதுக்கு வழி கெடையாது பெரியம்மா. ரஞ்சனி அன்னிக்கே சொன்னா, நாந்தான் கேட்டுக்கல. வழியே இல்லாம, ஒத்தைய வச்சுக்கிட்டு அஞ்சு மாசம் இருந்துச்சு எம்புள்ள. அதப் போயி கொறன்னு சொல்லாதீங்க."