சவரிமுத்துவுக்கு இரண்டு சுண்ணாம்பு

கனடாவில் இருக்கும் சொந்தக்காரப் பெண் ஒருத்தி போன வாரம் வாட்ஸப்பில் கேட்டாள்: "நம்ம கொள்ளுத்தாத்தா பேர் என்ன? குடும்ப மரம் ஆப்ல போடணும்." சவரிமுத்து என்று தட்டி அனுப்பினேன். அவ்வளவுதான் வேலை. அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்று நிரூபிக்க நான் ஒரு மழைக்காலம் முழுக்க அலைந்தவன் என்பது அவளுக்குத் தெரியாது. உங்களிடம் சொல்லலாம்.

எங்கள் ராயபுரத் தெருவில் நின்று சவரிமுத்து என்று கூப்பிட்டால் நாலு கதவு திறக்கும். பேரனுக்குத் தாத்தா பெயர் வைத்தே பழகிவிட்டோம். எங்கள் சவரிமுத்து, என் அப்பாவின் தாத்தா, துறைமுகத்தில் கலாசி, அதாவது சரக்கு ஏற்றி இறக்குகிறவர். கல்லறைத் தோட்டத்தில் சுவரோரம் அடக்கம். சிலுவையில் எழுதியிருந்த பெயரை உப்புக்காற்று எப்போதோ தின்றுவிட்டது.

கல்லறைத் திருநாள் அன்று பிலோமினா அத்தை, என் அப்பாவின் அக்கா, விடிந்ததும் சுண்ணாம்பு வாளியோடு கிளம்பிவிடுவாள். ஈரச் சுண்ணாம்பு, சாமந்தி, உருகும் மெழுகு, யாரோ பிரிக்கிற பிரியாணிப் பொட்டலம். நவம்பர் என்றால் எனக்கு இன்றும் அந்த வாசனைதான். அத்தை வெள்ளை அடித்து, மாலை போட்டுத் திரும்புவாள். சாயங்காலம் திருவொற்றியூரிலிருந்து சகாயம் என்பவர் குடும்பத்தோடு வந்து அதே கல்லறைக்கு நீலம் அடிப்பார். அது தன் தாத்தா என்பது அவர் கட்சி. அவர் தாத்தாவும் சவரிமுத்துதான், கலாசிதான்.

ஒரு வருஷம் மழையால் இருவரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள்.

"எங்க தாத்தா மேல இன்னாத்துக்கு நீலம் அடிச்சிகினு கீற?" என்றாள் அத்தை.

"இது எங்க தாத்தா, ஆயா. உங்காளு அடுத்த வரிசைல கீறாரு, போய்ப் பாரு."

"யார்ரா ஆயா? உன்ன வுட நாலு வயசு மூப்பு இருப்பனா?"

விஷயம் கோயில் அலுவலகத்துக்குப் போயிற்று. ஆதாரம் காட்டுகிற குடும்பத்துக்குக் கல்லறை. யாரும் காட்டாவிட்டால் பொதுவுக்குப் போய்விடும் என்றார்கள். அத்தை ஆடிப்போனாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளாதவள். அவளுடைய அப்பா அரக்கோணத்தில் ரயில்வே வேலையில் இருந்து அங்கேயே அடக்கமானவர். தனக்கான இடம் தாத்தாவோடுதான் என்று எப்போதோ முடிவு செய்திருந்தாள். "செத்தப்பறம் தெரியாதவங்க கூடப் போய் என்னால படுக்க முடியாது. பேப்பர்ல தான வேல செய்ற, கண்டுபுடி" என்றாள்.

நான் அப்போது பத்திரிகையில் புது நிருபர். எதையும் கண்டுபிடித்துவிடலாம் என்ற நினைப்பு இருந்த காலம். முதலில் நூலகத்தில் பழைய சென்சஸ் புத்தகங்களைப் புரட்டினேன். எத்தனை பேர் என்று இருந்தது, யார் யார் என்று இல்லை. பிறகு கோயிலுக்கு வந்தேன். பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் அடக்கப் பதிவேட்டை எடுத்துத் தந்தார். அந்தச் சுவரோரம் ஒரே ஒரு சவரிமுத்து, கலாசி. வெற்றி என்று நினைத்து அத்தைக்குப் போன் செய்தேன். அதே பக்கத்தைக் காட்டி அதே வெற்றியைச் சகாயமும் மறுநாள் கொண்டாடினார்.

கல்யாணப் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. அதில் சவரிமுத்து இரண்டு இடத்தில் இருந்தார். அதே தகப்பன் பெயர், அதே தொழில். முதலில் அத்தையின் பாட்டி லூசியாவோடு. சில வருஷம் கழித்து, மனைவியை இழந்தவர் என்ற குறிப்போடு, சகாயத்தின் பாட்டி மரியாளோடு. லூசியா இறந்ததும் பிள்ளைகள் அம்மா வழி வீட்டில் வளர்ந்திருக்கிறார்கள். அந்த வீட்டில் பிறகு மாப்பிள்ளை பேச்சையே எடுக்கவில்லை போலிருக்கிறது.

அத்தையையும் சகாயத்தையும் வரவழைத்து உபதேசியார் இரண்டையும் படித்துக் காட்டினார். அத்தைதான் ஆரம்பித்தாள்.

"கெய்வன் வேலய காட்டிக்கிறான் பாரு. நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லல."

சகாயம் தலையைச் சொறிந்தார். "அப்போ யாரு மொதல்ல அடிக்கிறது?"

"மூத்த சம்சாரத்தோட பேத்தி நானு. நான்தான் மொதல்ல. இனிமே ஆயான்னா வாய ஒடச்சிடுவேன். அக்கான்னு கூப்டு."

அடுத்த நவம்பரிலும் காலையில் வெள்ளை, சாயங்காலம் நீலம். நிறத்தில் மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் சாப்பாடு மட்டும் ஒன்றாக. சகாயம் எனக்குச் சித்தப்பா ஆகிவிட்டார்; அவர் வீட்டு வஞ்சிர வறுவலில் உப்பு தூக்கல் என்பது அத்தையின் நிரந்தரப் புகார்.

அத்தையும் இப்போது அங்கேதான் இருக்கிறாள், தெரிந்தவரோடு. அவளுக்குப் பிறகு சித்தப்பா கிரானைட் போட்டுவிட்டார். பழைய பூச்சை மேஸ்திரி உடைத்தபோது வெள்ளை, நீலம், வெள்ளை, நீலம் என்று அடுக்கடுக்காக உதிர்ந்தது. சட்டியில் அள்ளிச் சுவரோரம் கொட்டினார். இன்று அந்தத் தோட்டத்தில் பாதிக்கு மேல் கிரானைட்தான். சுண்ணாம்பு வாளியைப் பார்ப்பதே அபூர்வம்.

போன கல்லறைத் திருநாளில் சித்தப்பாவும் நானும் ஈரத்துணியால் துடைத்தோம், மெழுகுவர்த்தி ஏற்றினோம். வேலை முடிந்துவிட்டது. காலை மிச்சமிருந்தது. சித்தப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் பார்த்தார், எங்கேயாவது சண்டை நடக்கிறதா என்று. எல்லோரும் துடைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.